சந்தைக்கு வரம்பு வகுத்த சட்டம்: அமெரிக்கக் கூட்டாட்சியின் தொடக்ககாலப் பொருளாதார வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி அரசு 1789ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, அதன் முன்னிருந்த பணிகளில் பெரும்பாலானவை பொருளாதாரம் சார்ந்தவையாகவே இருந்தன. துறைமுகங்களில் தீர்வை வசூலிக்க ஏற்பாடு செய்வது, விடுதலைப் போருக்காக வாங்கிய கடனை அடைப்பது, நாடு முழுவதற்கும் ஒரே நாணயத்தை நிறுவுவது, மாநில எல்லைகளைக் கடந்து சரக்குகள் தடையின்றிச் செல்ல வழிசெய்வது ஆகியவற்றில்தான் முதல் காங்கிரஸ் தன் காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டது. தடையற்ற சந்தையின் தாயகம் என்று அமெரிக்காவைப் போற்றுவோரில் பலர், அரசு ஒதுங்கி நின்றதால்தான் அங்கு வணிகம் தழைத்தது என்று கருதுகின்றனர். ஆனால், 1776 முதல் 1824 வரையிலான சட்டங்களையும் தீர்ப்புகளையும் வரிசையாகப் பார்க்கும்போது, அங்கே உருவான சந்தை அரசால் திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்பதும், அதன் சுதந்திரமும் அதன் அநீதியும் ஒரே அரசமைப்புச் சாசனத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதும் தெளிவாகின்றன.

குடியேற்றக் காலத்தில் அமெரிக்க வணிகத்தை ஆண்ட கொள்கை வணிகவாதம் எனப்படும். ஏற்றுமதி மிகுந்து இறக்குமதி குறைந்தால் தங்கமும் வெள்ளியும் நாட்டுக்குள் சேரும், அதுவே நாட்டின் செல்வம், ஆகவே குடியேற்ற நாடுகள் தாய்நாட்டுக்கு மூலப்பொருள் அளித்து அதன் ஆலைப் பொருள்களை வாங்கும் கடமை பூண்டவை என்பது அக்கொள்கையின் சாரம். 1651இலும் 1660இலும் இங்கிலாந்து இயற்றிய கப்பற்போக்குவரத்துச் சட்டங்களின்படி, குடியேற்றங்களின் சரக்கு இங்கிலாந்தின் அல்லது அதன் குடியேற்றங்களின் கப்பல்களிலேயே செல்ல வேண்டியிருந்தது. புகையிலை, சர்க்கரை, பருத்தி, அவுரி முதலிய பட்டியலிடப்பட்ட பொருள்களை இங்கிலாந்துக்கோ அதன் பிற குடியேற்றங்களுக்கோ அன்றி வேறெங்கும் அனுப்பக்கூடாது என்றும் விதிக்கப்பட்டது. 1732இல் தொப்பி செய்யும் தொழிலுக்கும் 1750இல் இரும்புத் தொழிலுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. இவற்றில் சில நீண்ட காலம் ஏட்டளவிலேயே இருந்தன. 1733ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டுக் குடியேற்றங்களிலிருந்து வரும் சர்க்கரைப் பாகுக்கு காலனுக்கு ஆறு பென்ஸ் தீர்வை விதித்தபோதிலும், ரம் வடிக்கும் பாஸ்டன் வணிகர்கள் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து அதைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தனர். 1764இல் இத்தீர்வை மூன்று பென்ஸாகக் குறைக்கப்பட்டு, அதே வேளையில் கண்டிப்பாக வசூலிக்கப்படத் தொடங்கியபோதுதான் எதிர்ப்பு மூண்டது.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் இன்னொரு வகையில் குறிப்பிடத்தக்கது. சென்னையிலும் வங்காளத்திலும் ஆட்சி செலுத்திவந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி, விற்காமல் தேங்கிக் கிடந்த தன் தேயிலையைத் தான் தேர்ந்தெடுத்த முகவர்கள் வழியாக அமெரிக்காவில் நேரடியாக விற்பதற்கு இச்சட்டம் அனுமதி அளித்தது. தேயிலையின் விலை குறையத்தான் இருந்தது. இருப்பினும், தாங்கள் தேர்ந்தெடுக்காத நாடாளுமன்றம் விதித்த வரி அத்துடன் சேர்ந்து வந்ததாலும், ஒரு கம்பெனிக்கு அளிக்கப்படும் முற்றுரிமை நாளை மற்றப் பொருள்களுக்கும் பரவும் என்ற அச்சத்தாலும் வணிகர்கள் அதை ஏற்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் வீசப்பட்டது. மலிவு விலையைவிட, வணிகத்தின் விதிகளை யார் வகுப்பது என்ற கேள்வியே அங்கு முதன்மை பெற்றது.

1776 மார்ச்சில் லண்டனில் வெளிவந்த ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூல் இக்கேள்விக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தது. குடியேற்ற வணிகத்தின் மீது தாய்நாடு செலுத்தும் முற்றுரிமை இரு தரப்பாருக்கும் கேடு என்றும், ஒவ்வொருவரும் தத்தம் ஆதாயத்தை நாடி உழைப்பதே பெரும்பாலும் பொதுநலனுக்கும் உதவும் என்றும் ஸ்மித் வாதிட்டார். எனினும், நாட்டைக் காப்பது, நீதி வழங்குவது, தனியார் தம் ஆதாயம் கருதி ஏற்க முன்வராத சாலை, பாலம், கல்வி போன்ற பொதுப் பணிகளை நடத்துவது ஆகிய மூன்றையும் அரசின் கடமைகளாக அவர் வைத்தார். இந்நூலின் அமெரிக்கப் பதிப்பு 1789இல் பிலடெல்பியாவில் அச்சானது. அங்கு அதை மேற்கோள் காட்டியவர்களில் தடையற்ற வணிகத்தை விரும்பியவர்களும் இருந்தனர். அதற்கு வரம்பு கட்ட விரும்பியவர்களும் இருந்தனர்.

விடுதலைப் போர் மூண்டதும் பதின்மூன்று மாநிலங்களும் முதலில் கையாண்ட வழி காகிதப் பணம். மாநிலங்களின் பேராளர்கள் கூடிய, வரி விதிக்கும் அதிகாரமே இல்லாத காங்கிரஸ், 1775 ஜூன் முதல் 1779 இறுதிவரை சுமார் 24 கோடி டாலர் மதிப்புள்ள தாள்களை அச்சிட்டது. மாநிலங்களும் தனித்தனியே தாள்களை வெளியிட்டன. விலைகள் ஏறியபோது பழி வணிகர்கள் மீது விழுந்தது. 1776 டிசம்பர் இறுதியில் பிராவிடன்ஸ் நகரில் கூடிய நியூ இங்கிலாந்து மாநிலங்களின் பேராளர்கள் கூலிக்கும் தானியத்துக்கும் துணிக்கும் உச்ச விலை நிர்ணயிக்கப் பரிந்துரைத்தனர், சட்டங்களும் இயற்றப்பட்டன. நிர்ணயித்த விலைக்கு விற்க மனமில்லாத உழவர்கள் சரக்கைப் பதுக்கியதாலும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனதாலும் சந்தையில் பண்டங்கள் அருகின. 1778 ஜூனில் காங்கிரஸே இச்சட்டங்களை நீக்கிவிடும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 1780 மார்ச்சில் நாற்பது தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்ற கணக்கில் பழைய தாள்களைத் திரும்பப் பெற முடிவாயிற்று. அளவுக்கு மீறி அச்சிட்ட பணத்தின் விளைவை விலைக்கட்டுப்பாட்டால் தடுக்க முடியாது என்ற பாடத்தை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் பல விதிகளில் அதன் தடம் தெரிகிறது.

1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள் மத்திய அரசைப் பெயரளவில் மட்டுமே வைத்திருந்தன. காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து விழுக்காடு தீர்வை விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கு அளிக்க 1781இல் எடுத்த முயற்சி ரோட் ஐலண்டின் மறுப்பாலும், 1783இல் எடுத்த மறுமுயற்சி நியூயார்க்கின் பிடிவாதத்தாலும் வீணாயின. விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. 1783இல் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியபோது, அதற்கு எதிராக ஒன்றுபட்ட நடவடிக்கை எடுக்கவும் எவராலும் இயலவில்லை. ஒரு மாநிலம் பிரிட்டிஷ் சரக்குக்குத் தீர்வையை உயர்த்தினால், அச்சரக்கு அண்டை மாநிலத்தின் துறைமுகத்தில் இறங்கியது.

மாநிலங்களுக்கிடையே எழுந்த பூசலுக்கு நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் உள்ள சாண்டி ஹூக் கலங்கரை விளக்கம் கண்கூடான சான்று. நியூயார்க் வணிகர்களின் முயற்சியால் 1764இல் கட்டப்பட்ட இவ்விளக்கம் நின்ற நிலம் நியூ ஜெர்சியின் எல்லைக்குள் இருந்தது. தனக்கென்று பெருந்துறைமுகம் இல்லாத நியூ ஜெர்சியின் மக்கள் வெளிநாட்டுப் பொருள்களை நியூயார்க் வழியாகவே வாங்கினர். அவற்றின் மீதான தீர்வையோ நியூயார்க்கின் கருவூலத்துக்குப் போனது. 1787இல் நியூ ஜெர்சியிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் வரும் படகுகளும் அயல்நாட்டுக் கப்பல்களைப் போலச் சுங்கச்சாவடியில் பதிந்து அனுமதி பெற வேண்டும் என்று நியூயார்க் விதித்தது. கரையோரமாக விறகும் காய்கறியும் ஏற்றிவந்த சிறு படகுக்காரர்களின் பிழைப்பு இதனால் இடர்ப்பட்டது. பதிலடியாக நியூ ஜெர்சி அக்கலங்கரை விளக்கம் நின்ற நிலத்துக்கு வரி விதித்தது. எல்லாக் கப்பலுக்கும் வழிகாட்டும் விளக்கே பூசலுக்குக் கருவியாயிற்று.

வெர்ஜீனியாவும் மேரிலாந்தும் போட்டோமாக் ஆற்றுப் போக்குவரத்து குறித்து 1785 மார்ச்சில், விடுதலைப் போரின் படைத்தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்தில் நடத்திய பேச்சிலிருந்துதான் தீர்வுக்கான பாதை தொடங்கியது. அது 1786 செப்டம்பரில் அன்னாபோலிஸ் நகரில் ஐந்து மாநிலங்களின் கூட்டத்துக்கும், அங்கிருந்து 1787 மே மாதம் பிலடெல்பியாவில் தொடங்கிய அரசமைப்பு மாநாட்டுக்கும் இட்டுச்சென்றது. இடையில் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனாலும் வரியாலும் நிலத்தை இழக்கும் நிலைக்கு ஆளான உழவர்கள், ஷேஸ் என்னும் முன்னாள் படைத்தலைவரின் கீழ்த் திரண்டு நீதிமன்றங்களை மறித்தனர். கடன் கொடுத்தவரின் அச்சமும் கடன்பட்டவரின் துயரமும் ஒருசேர அம்மாநாட்டின் கதவைத் தட்டின. உள்ளே இருந்தவர்கள் பெரிதும் முன்னவரின் பக்கமே நின்றனர்.

1787 செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேராளர்கள் கையெழுத்திட்ட சாசனம், சந்தையின் விதிகளை இரண்டு வகையில் வகுத்தது. முதலாவது, மத்திய அரசுக்கு அளித்த அதிகாரங்கள்: வரி விதித்தல், கடன் வாங்குதல், அயல்நாடுகளோடும் மாநிலங்களுக்கிடையேயும் பூர்வகுடி இனங்களோடும் நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்துதல், நாணயம் அச்சடித்தல், எடை அளவுகளை நிர்ணயித்தல், நொடிப்பு நிலைக்குச் சட்டம் இயற்றுதல், கண்டுபிடிப்பாளருக்கும் நூலாசிரியருக்கும் குறித்த காலத்துக்கு உரிமை வழங்குதல். இரண்டாவது, விலக்கிவைத்த அதிகாரங்கள்: மாநிலங்கள் நாணயம் அடிக்கக்கூடாது, காகிதப் பணம் வெளியிடக்கூடாது, தங்கம், வெள்ளி தவிர வேறெதையும் கடன் தீர்க்கும் பணமாக ஆக்கக்கூடாது, ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் இயற்றக்கூடாது, காங்கிரஸின் இசைவின்றி இறக்குமதிக்கோ ஏற்றுமதிக்கோ தீர்வை விதிக்கக்கூடாது. மத்திய அரசும் எந்த மாநிலத்தின் ஏற்றுமதிக்கும் வரி போடக்கூடாது என்றும், ஒரு துறைமுகத்துக்கு மற்றதைவிடச் சலுகை காட்டக்கூடாது என்றும் எழுதப்பட்டது. உள்நாட்டுச் சுங்கச்சாவடிகள் ஐரோப்பாவின் பல பகுதிகளில் நிறைந்திருந்த காலத்தில், பரந்த ஒரு நிலப்பரப்பு முழுவதும் வணிகத் தடையில்லாத ஒரே களமானது இந்த விதிகளால்தான்.

இந்தச் சாசனத்தின் மறுபக்கத்தை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. தென்மாநிலங்களின் பேராளர்கள் தங்கள் பயிர் ஏற்றுமதி பாதிக்கப்படும் என்று அஞ்சி, வணிகச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று கோரிவந்தனர். கப்பல் தொழிலில் ஊறிய வடமாநிலத்தார் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றனர். முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டில் வடக்கு தான் கேட்டதைப் பெற்றது. அதற்கு ஈடாக, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808ஆம் ஆண்டுக்கு முன் காங்கிரஸ் தடைசெய்ய முடியாது என்றும், அவ்வாறு கொண்டுவரப்படும் ஒவ்வொருவருக்கும் பத்து டாலருக்கு மேற்படாத தீர்வை மட்டுமே விதிக்கலாம் என்றும் விதி ஏற்பட்டது. மனிதர்கள் சுங்கப் பட்டியலில் சரக்காக இடம்பெற்றனர். 1790ஆம் ஆண்டு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்ட சுமார் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். தம் உழைப்பைத் தாம் விரும்பிய விலைக்கு விற்கும் உரிமை என்ற சந்தையின் முதல் உரிமையே இவர்களுக்கு இல்லை.

புதிய காங்கிரஸ் 1789 ஏப்ரலில் கூடியவுடன் அதன் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் தீர்வை மசோதாவை முன்மொழிந்தார். வணிகம் பொதுவாகத் தடையின்றி நடக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டே, வருவாய்த் தேவைக்காகவும் பிறநாடுகளின் தடைகளுக்குப் பதிலாகவும் அதற்கு விலக்குகள் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் கையெழுத்திட்ட சட்டம் பெரும்பாலான பொருள்களுக்கு ஐந்து விழுக்காடும், வேறு சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதலாகவும் தீர்வை விதித்தது. ஜூலை 20ஆம் நாளின் சட்டப்படி, அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு ஆறு சென்ட், அமெரிக்காவில் கட்டப்பட்டு அயலாருக்குச் சொந்தமான கப்பலுக்கு முப்பது சென்ட், முழுவதும் அயல்நாட்டுக் கப்பலுக்கு ஐம்பது சென்ட் என்று கட்டணம் ஏற்பட்டது. பிரிட்டனின் கப்பற்போக்குவரத்துச் சட்டங்களை எதிர்த்துப் போரிட்டவர்களே தம் கப்பல்களுக்குச் சலுகை வகுத்தனர். ஆகஸ்ட் 7ஆம் நாள் கலங்கரை விளக்கங்களின் பராமரிப்பை மத்திய அரசு ஏற்றது. சாண்டி ஹூக் விளக்கும் அதனால் இரு மாநிலங்களின் பூசலிலிருந்து விடுபட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மத்திய அரசின் வருவாயில் மிகப் பெரும் பகுதி சுங்கத் தீர்வையிலிருந்தே வந்தது.

முதல் கருவூலச் செயலாளரான அலெக்சாண்டர் ஹாமில்டன் இந்த வருவாயை அடிப்படையாகக் கொண்டு ஒரு முழு நிதி அமைப்பையே எழுப்ப முற்பட்டார். 1790 ஜனவரியில் அவர் அளித்த அறிக்கை, மத்திய அரசின் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர் கடனை முழு மதிப்பில் ஏற்கவும், மாநிலங்களின் சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் கடனையும் மத்திய அரசே சுமக்கவும் பரிந்துரைத்தது. போரில் ஊதியத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் பெற்ற வீரர்களில் பலர் வறுமையால் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டிருந்தனர். பத்திரத்தை முதலில் பெற்றவருக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று மேடிசன் கொண்டுவந்த தீர்மானம் 36க்கு 13 என்ற வாக்குகளில் தோற்றது. பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்ற விதி கடன் சந்தைக்கு உறுதியை அளித்தது. ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஏழை வீரர்கள். மாநிலக் கடனை ஏற்கும் திட்டம், தலைநகரைப் போட்டோமாக் கரையில் அமைக்கும் உடன்பாட்டுக்குப் பின்னரே நிறைவேறியது.

1791இல் ஒரு கோடி டாலர் முதலீட்டில், ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு உரியதாக, இருபது ஆண்டு உரிமத்துடன் ஐக்கிய நாடுகளின் வங்கி தொடங்கப்பட்டது. சாசனத்தில் வங்கி என்ற சொல்லே இல்லை என்று வெளியுறவுச் செயலாளர் தாமஸ் ஜெபர்சனும், கொடுத்த அதிகாரத்தைச் செயற்படுத்தத் தேவையான வழிவகைகளும் அந்த அதிகாரத்துக்குள் அடங்கும் என்று ஹாமில்டனும் வாஷிங்டனிடம் எழுத்து வடிவில் வாதிட்டனர். வாஷிங்டன் ஹாமில்டனின் வாதத்தை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஹாமில்டன் அளித்த தொழில்துறை அறிக்கை ஸ்மித்தின் வாதங்களை எதிர்கொண்டு, பிறநாடுகள் தடைகளை வைத்திருக்கும்வரை புதிதாக முளைக்கும் தொழில்களுக்கு அரசின் ஊக்கத்தொகையும் காப்பு வரியும் வேண்டும் என்றது. ஊக்கத்தொகையைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. தீர்வைகளை மட்டும் 1792இல் உயர்த்தியது. அவ்வாண்டு மே 17ஆம் நாள் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் 24 தரகர்கள், குறைந்தது கால் விழுக்காடு தரகு என்று தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து பிற்காலப் பங்குச் சந்தை வளர்ந்தது. அங்கு முதலில் கைமாறியவற்றில் முக்கியமானவை அரசின் கடன் பத்திரங்களும் அரசு உரிமம் பெற்ற வங்கியின் பங்குகளுமே.

இந்த அமைப்பின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழவில்லை. 1791இல் விஸ்கிக்கு விதித்த கலால் வரி, மலைகளுக்கு அப்பால் தானியத்தைச் சாராயமாக்கித்தான் சந்தைக்கு அனுப்ப முடிந்த மேற்குப் பென்சில்வேனிய உழவர்களை வாட்டியது. 1794இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படை திரட்டப்பட்டது. நிலச் சந்தையும் அவ்வாறே சட்டத்தால் உருவானது. 1785ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு நிலங்களை ஆறு மைல் சதுரமான ஊர்களாகவும், ஒவ்வோர் ஊரையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் அளந்து, பதினாறாம் பிரிவைப் பள்ளிக்கு ஒதுக்கி, எஞ்சியதில் பெரும்பகுதியை ஏக்கருக்கு ஒரு டாலருக்குக் குறையாமல் ஏலம் விட வழிசெய்தது. நில அளவர் சங்கிலியை நீட்டிய மண் பூர்வகுடிகளின் வாழ்விடம். போராலும் 1795ஆம் ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கை போன்றவற்றாலும் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர்.

1801இல் குடியரசுத் தலைவரான ஜெபர்சன் சிக்கனமும் குறைந்த வரியும் கொண்ட அரசை விரும்பினார். அவரது கருவூலச் செயலாளர் ஆல்பர்ட் காலட்டின் 1802இல் விஸ்கி வரி உள்ளிட்ட உள்நாட்டு வரிகள் நீக்கப்பட வழிசெய்தார். லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய பின்னரும், 1801இல் சுமார் 8 கோடியே 30 லட்சமாக இருந்த கடன் 1809க்குள் 5 கோடியே 70 லட்சமாகக் குறைந்தது. ஆனால், பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைச் சிறைப்பிடித்த சூழலில், அதே ஜெபர்சன் 1807 டிசம்பரில் தம் நாட்டுக் கப்பல்கள் எவையும் அயல்துறைகளுக்குச் செல்லக்கூடாது என்று தடைவிதித்தார். 1807இல் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டில் 2 கோடியே 20 லட்சமாகச் சரிந்தது. கடத்தலைத் தடுக்கக் கடுமையான அதிகாரங்கள் அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டும் பயனின்றி, 1809 மார்ச்சில் தடை விலக்கப்பட்டது. குறைந்த அரசை விரும்பிய கட்சியே வணிகத்தின் மீது அக்காலத்தின் மிகக் கடுமையான கட்டுப்பாட்டை விதித்தது என்பது, கொள்கைகளை மட்டும் கொண்டு ஆட்சிகளை அளக்க முடியாது என்பதற்குச் சான்று.

சாசனத்தின் வணிக விதி உள்நாட்டில் முழு வலிமை பெற்றது 1824 மார்ச் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான். நியூயார்க்கின் நீர்வழிகளில் நீராவிப் படகு விடும் முற்றுரிமையை அம்மாநிலம் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கும் ராபர்ட் புல்டனுக்கும் வழங்கியிருந்தது. அவர்கள் வழி உரிமம் பெற்ற ஆரன் ஆக்டன், நியூ ஜெர்சியின் எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க்குக்கு மத்திய அரசின் கரையோர உரிமத்துடன் படகு விட்ட தாமஸ் கிப்பன்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்கள் பதிலடிச் சட்டங்களை இயற்றியிருந்ததால், 1780களின் பூசல் நீராவி யுகத்தில் மீண்டும் தலைதூக்கியிருந்தது. வணிகம் என்பது வாங்கல் விற்றலோடு முடிவதில்லை, போக்குவரத்தும் அதில் அடங்கும் என்றும், மத்திய அரசின் உரிமத்தோடு முரண்படும் மாநில முற்றுரிமை செல்லாது என்றும் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். போட்டி திறந்தது, கட்டணங்கள் குறைந்தன. மத்திய அரசின் அதிகாரம் வலுப்பட்ட அந்தத் தீர்ப்பே சந்தையின் சுதந்திரத்தையும் விரிவாக்கியது.

இந்த அரை நூற்றாண்டின் வரலாறு அளிக்கும் முடிவு தெளிவானது. தடையற்ற சந்தை அமெரிக்காவில் அரசு இல்லாத வெற்றிடத்தில் விளையவில்லை. எந்த அரசுக்கு எந்த அதிகாரம் உண்டு, எது இல்லை என்று எழுதிவைத்து, அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடிந்ததால் விளைந்தது. அதே எழுத்து யாரைச் சந்தையின் உறுப்பினராக ஏற்றது, யாரை அதன் சரக்காக்கியது என்பதையும் சேர்த்தே படித்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும். மாநிலங்களுக்கிடையேயான தீர்வைத் தடைகளை நீக்க அந்நாட்டுக்கு ஒரு கோடைக்காலத்து மாநாடு போதுமானதாக இருந்தது. மனிதரை விலைக்கு விற்பதைச் சாசனத்தின் மூலம் தடைசெய்ய உள்நாட்டுப் போர் ஒன்றும் 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமும் தேவைப்பட்டன.